பாட்டியின் தாத்தாவை அயர்லாந்தில் எங்கே தேடுவது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா வழியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பாட்டியின் தாத்தா மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையில் சிப்பாயாக வந்தவர். குடும்பப் பெயர் ரயன். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகம்தான். அதன் முதல் பக்கத்தில், மங்கிய மையில், 'டிப்பரரி' என்ற அயர்லாந்துக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரும் அதற்கு முன்னால் 'பாலின' என்று தொடங்கி அழிந்துபோன ஓர் ஊர்ப் பெயரும் இருக்கின்றன. 1828 வாக்கில் பிறந்தார், 1847இல் படையில் சேர்ந்தார் என்பது குடும்பத்தில் சொல்லி வரும் கணக்கு. "டப்ளின் ஆவணக் காப்பகம் 1922இல் எரிந்துவிட்டதாமே, இனி ஒன்றும் கிடைக்காதா? கல்லறை, சர்ச், எஸ்டேட் பதிவுகள் என்கிறார்களே, எதில் தொடங்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் அந்தத் தீயைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடுகிறேன். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, பழைய உயில்கள், புராட்டஸ்டன்ட் திருச்சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்து பங்குகளின் (பங்கு என்பது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) பதிவேடுகளில் பாதிக்கு மேல் அதில் போயின. ஆனால் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இருக்கவே இல்லை. அவை அந்தந்தப் பங்குச் சாமியாரின் வீட்டு அலமாரியில் இருந்தன. எஸ்டேட் பதிவுகள் என்று சொல்லப்படும் நிலப்பிரபுக்களின் வாடகைப் பேரேடுகளில் பெரும்பாலானவை அவரவர் மாளிகையிலோ வக்கீல் அலுவலகத்திலோ இருந்தன. உங்கள் முன்னோர் கத்தோலிக்கர், அநேகமாகக் குத்தகைக்காரரின் மகன். அவருக்கு வேண்டிய காகிதம் எரிந்த இடத்தில் இல்லை.

அடுத்தது முக்கியம். பெயரை வைத்துத் தேடாதீர்கள், இடத்தை வைத்துத் தேடுங்கள். டிப்பரரியில் ரயன் என்று தேடுவது நம்மூரில் முருகன் என்று தேடுவது மாதிரி. அங்கே ரயன்கள் அவ்வளவு பேர் இருந்ததால், ஒரு கிளையை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல ஊர்க்காரர்களே பட்டப்பெயர் வைத்தார்கள். ரயன் பான் என்றால் வெள்ளை ரயன், ரயன் ரோ என்றால் செம்பட்டை ரயன். அரசாங்கப் பதிவுகளிலேயே இந்தப் பட்டப்பெயர்கள் அடைப்புக்குறிக்குள் வருவதுண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பொருள் தெரியாத ஒரு சொல்லை 'தாத்தாவோட பேர்ல இதுவும் சேரும்' என்று சொல்லியிருந்தால், அதைத் தூக்கிப் போடாதீர்கள். எழுதி வையுங்கள்.

இடம் என்று நான் சொல்வது டவுன்லாண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது ஊர்கூட அல்ல. சில வீடுகளும் அவற்றைச் சுற்றிய வயல்களும் சேர்ந்த ஒரு துண்டு நிலம். அயர்லாந்து முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன. பழைய பதிவுகளில் பல இந்தத் துண்டை அடிப்படையாக வைத்தே எழுதப்பட்டவை. 'பாலி' என்பது 'பாலே' என்ற ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது, குடியிருப்பு என்று பொருள். நம்மூர்ப் பெயர்களில் 'பாடி', 'பட்டி' வருவதுபோல் அங்கே எங்கும் வரும். அதனால் 'பாலின' என்பதை மட்டும் வைத்து ஊரைப் பிடிக்க முடியாது. இன்னொரு பக்கத்திலிருந்து வர வேண்டும்.

அந்த இன்னொரு பக்கம் அயர்லாந்தில் இல்லை, லண்டனில் இருக்கிறது. 1847இல் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படை. 1862இல்தான் அது அரசியின் படையில் 102ஆம் ரெஜிமெண்டாகச் சேர்ந்தது. 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. கம்பெனி ஆளெடுத்தபோது எழுதிய பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கின்றன. வயது, உயரம், பழைய தொழில், வந்த கப்பல் ஆகியவற்றோடு பல பதிவுகளில் சொந்தப் பங்கும் கவுண்டியும் இருக்கும். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் அதே தொகுப்பில் 'என் 2' வரிசையில் உள்ளன. அடக்கப் பதிவில் வயதும் படைப்பிரிவும் கிடைக்கும், பிறந்த ஊர் பெரும்பாலும் இருக்காது. அதனால் அவர் படையில் சேர்ந்த பதிவை முதலில் பாருங்கள்.

பங்கு தெரிந்ததும் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போகலாம். அயர்லாந்து தேசிய நூலகம் கத்தோலிக்கப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படங்களை 2015 ஜூலையிலிருந்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் 1880 வரை வரும். டிப்பரரியின் பெரும்பகுதி காஷல் எம்லி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் படங்களைப் பார்க்க முன்பெல்லாம் தனி அனுமதி வேண்டும், இப்போது வேண்டாம்.

ஒரு வரியைக் கிட்டத்தில் பார்ப்போம். பல பதிவுகள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் 'ஜாகோபுஸ்' ஆகியிருப்பார், வில்லியம் 'குலியெல்முஸ்'. நாம் 'ஐ' உருபு சேர்ப்பதுபோல் அங்கேயும் வேற்றுமை ஏறும். 'ஞானஸ்நானம் கொடுத்தேன் ஜாகோபுமை' என்கிற மாதிரி 'ஜாகோபும்' என்று முடிந்திருக்கும். பயப்படாதீர்கள், அதே ஜேம்ஸ்தான். பிறகு அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் இருவர், சில பங்குகளில் டவுன்லாண்ட். இதில் பொக்கிஷம் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ரயன்கள் நூறு பேர் இருக்கலாம், ஒரே பங்கில் ஒரே காலத்தில் அதே குடும்பப் பெயருள்ள பெண்ணை மணந்தவர் ஒருவரோ இருவரோதான். ஞானப்பெற்றோரையும் விடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, இல்லையென்றால் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டார்.

உங்களவர் 1847இல் கிளம்பிவிட்டார். அது பெரும் பஞ்சத்தின் நடு ஆண்டு. உருளைக்கிழங்கு அழுகிப்போன வயலைவிடப் படைச் சம்பளம் உறுதியாகத் தெரிந்திருக்கும். எனவே அதற்குப் பிறகு வந்த எந்தப் பட்டியலிலும் அவர் இருக்க மாட்டார், அப்பாவும் அண்ணன் தம்பிகளும்தான் இருப்பார்கள். 1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் ஒவ்வொரு டவுன்லாண்டிலும் வீடோ நிலமோ வைத்திருந்தவரின் பெயர் இருக்கிறது, வரைபடத்தோடு, இலவசமாக. அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1823 முதல் 1837 வரையிலான தசமபாகக் கணக்குகள், அதாவது சர்ச் ஆஃப் அயர்லாந்துக்குக் கட்ட வேண்டிய வரிக்கான பட்டியல்கள். எல்லா மதத்தினரின் பிறப்பு, இறப்பும் அரசுப் பதிவுக்கு வந்தது 1864இல். அண்ணன் தம்பி யாராவது அதற்குப் பிறகு இறந்திருந்தால் அந்த இறப்புப் பதிவையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கிரிஃபித் பக்கத்தில் பலர் குத்தகைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பக்கத்துப் பத்தியில் யாரிடமிருந்து குத்தகை எடுத்தார் என்று இருக்கும். எஸ்டேட் ஆவணங்களுக்கு வாசல் அதுதான். ஆனால் அந்தப் பெயர் சில சமயம் உண்மையான நிலப்பிரபுவாக இருக்காது, இடைத்தரகராக இருக்கும். அதே டவுன்லாண்டின் மற்ற பக்கங்களைப் பார்த்து மேலே யார் என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் கால்வே பல்கலைக்கழகத்தின் நிலவுடைமை எஸ்டேட்டுகள் தரவுத்தளத்தில் அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். டிப்பரரி இருக்கும் மன்ஸ்டர் பகுதி முழுதும் அதில் வருகிறது. காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்றும் சொல்லும்.

வாடகைப் பேரேடு எப்படி இருக்கும்? இடது பக்கம் குத்தகைக்காரர் பெயர், நிலத்தின் அளவு, அரையாண்டு வாடகை. ஒரு தவணைக்கு 'கேல்' என்று பெயர். பல இடங்களில் மே 1, நவம்பர் 1. வலது ஓரத்தில் பாக்கி, கடைசியில் குறிப்பு. அந்தக் குறிப்புப் பத்தியில்தான் மனிதர்கள் தெரிவார்கள். 'விதவை பெயருக்கு மாற்றியது', 'மகன் கட்டுகிறான்', 'அமெரிக்கா போய்விட்டார்' என்று கணக்குப்பிள்ளை கிறுக்கியிருப்பார். வருஷா வருஷம் அந்தப் பத்தியைத் தொடர்ந்து படித்தால், சாவுப் பதிவே இல்லாத காலத்தில் ஒருவர் எந்த அரையாண்டில் இறந்தார் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று, மூன்று உயிர்க் குத்தகை. பத்திரத்தில் எழுதிய மூன்று பேரில் கடைசி ஆள் சாகும் வரை குத்தகை செல்லும். நீண்ட நாள் ஓட வேண்டுமே என்று குத்தகைக்காரர்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளின் பெயரை எழுதுவார்கள், பல பத்திரங்களில் வயதோடு. 1793இல் கத்தோலிக்கர்களுக்கு வாக்குரிமை வந்தது. இப்படிக் குத்தகை வைத்திருந்தால்தான் வாக்கு என்பதால் நிலப்பிரபுக்கள் தங்கள் பக்கம் ஓட்டுச் சேர்க்க இவற்றை நிறையக் கொடுத்தார்கள். 1829இல் சிறு குத்தகைக்காரர்களின் அந்த வாக்குரிமை போனது. உங்களவருடைய தாத்தாவின் காலம் சரியாக இதற்குள் விழுகிறது. பஞ்சத்தில் திவாலான எஸ்டேட்டுகளை விற்க 1849இல் தனி நீதிமன்றமே வந்தது. அதன் அச்சிட்ட விற்பனைப் பட்டியல்களில் குத்தகைக்காரர் பெயரும் வரைபடமும் இருக்கும். உள்குத்தகைக்காரர்களும் கூலிகளும் இவற்றில் வராமலே போவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லறையை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கத்தோலிக்கச் சாமியார்கள் அடக்கத்தைப் பதிவது அபூர்வம். பழைய ஊர்க் கல்லறைகள் சட்டப்படி சர்ச் ஆஃப் அயர்லாந்து வசம் இருந்ததால் கத்தோலிக்கர்களின் அடக்கமும் சில சமயம் அந்த அடக்கப் பதிவேட்டில் இருக்கும். எரியாமல் மிஞ்சியவற்றில் பல டப்ளினில் அந்தத் திருச்சபையின் நூலகத்தில் உள்ளன. ஏழைகளுக்குப் பெயர் பொறித்த கல்லே கிடையாது, தலைமாட்டில் ஒரு வயற்கல் மட்டும்.

ஆனாலும் கல் இருந்தால் அது எந்தப் பதிவேட்டையும் விட ஆழமாகப் போகும். ஒரு குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகும், இறந்தவரைப் பழைய குடும்பக் குழிக்கே பல மைல் சுமந்து வந்து புதைக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. ஆகவே வாழ்ந்த இடமும் புதைத்த இடமும் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். புதைத்த இடம் அதற்கு முந்தைய ஊர். டிப்பரரியில் இடிந்த சர்ச் ஒன்றின் உள்ளே ஒரு கல்லின் முன் நான் மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். கல் வெறுமையாகத் தெரிந்தது. நான்கு மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் பிடித்து எழுந்தன. கல்லை நட்ட மகனின் பெயர், 72 வயதில் இறந்த அப்பாவின் பெயர், நடுவே மலைக்கு அந்தப் பக்கத்து டவுன்லாண்ட். அந்த ஒரு சொல்தான் குடும்பத்தை இன்னொரு எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனது.

வெயில் இல்லாவிட்டால் பக்கத்தில் டார்ச் பிடித்தால் போதும். கம்பி பிரஷ், சுண்ணாம்புக்கட்டி, ஷேவிங் நுரை எதுவும் கல்லில் படக் கூடாது, அவை கல்லை அரித்துவிடும். நீங்கள் போகாமலே பார்க்கவும் வழி உண்டு. ஹிஸ்டாரிக் கிரேவ்ஸ் தளத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் பல கல்லறைகளைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதே வித்தையை இன்றைக்கே உங்கள் ஜெபப் புத்தகத்தில் செய்து பாருங்கள். அறையை இருட்டாக்கி, பக்கத்தைத் தட்டையாக வைத்து, டார்ச்சைக் காகிதத்தோடு ஒட்டி ஓரத்திலிருந்து அடியுங்கள். மை போனாலும் பேனா அழுத்திய பள்ளம் இருக்கலாம். 'பாலின'வுக்குப் பிறகு எத்தனை எழுத்து, எது மேலே நீள்கிறது, எது கீழே இறங்குகிறது என்று மட்டும் குறித்து அனுப்புங்கள். படைப்பதிவில் பங்கு கிடைத்தால், அந்தப் பங்கின் டவுன்லாண்ட் பட்டியலோடு வைத்து நானும் பார்க்கிறேன்.