பச்சைக் கீற்று படத்தில் ஏன் வெளுத்துவிடுகிறது?

சூரியன் மூழ்கும் கடைசி நொடியில் அதன் விளிம்பில் தெரியும் பச்சை ஒளிதான் பச்சைக் கீற்று. கோழிக்கோடு கடற்கரையில் அதைக் கண்ணால் பார்த்தும் படத்தில் மஞ்சள் வெள்ளைதான் விழுந்தது என்கிறீர்கள். கேமராவில் கோளாறு இல்லை. ஒளி மிகுந்துவிட்டது, அவ்வளவுதான். தானியங்கி முறை, படத்தை நிறைக்கும் இருண்ட கடலுக்கு ஏற்ப ஒளியை அளக்கிறது. அதனால் சூரியனின் ஓரத்துப் பச்சைத் துணுக்கு வெளுத்துப்போகிறது.

சோதித்துப் பாருங்கள்: படத்தைப் பெரிதாக்கி, கேமராவின் மிகை ஒளி எச்சரிக்கை அந்த விளிம்பில் மின்னுகிறதா? மின்னினால் அங்கே நிறம் பெரும்பாலும் சரியாகப் பதிவாகியிருக்காது. பதிவாகாத நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அடுத்த முறை:

1. மேனுவல் முறை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, துளை அளவு எஃப்/8, 1/1000 நொடியில் தொடங்குங்கள். எச்சரிக்கை மறையும்வரை ஒளியைக் குறைத்துக்கொண்டே போங்கள். கடல் கறுத்தால் கறுக்கட்டும்.
2. வெள்ளைச் சமநிலையைப் பகல் ஒளியில் நிறுத்துங்கள். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுங்கள்.
3. 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். சூரிய பிம்பத்தின் அகலம் குவியத் தூரத்தில் (லென்ஸின் மி.மீ. எண்ணில்) ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு, 50 மி.மீ. லென்ஸில் முழுச் சூரியனே அரை மில்லிமீட்டர்கூட வராது. அதன் விளிம்பில் பச்சையைத் தேடுவது வீண்வேலை.
4. கீற்று ஓரிரு நொடிதான் நிற்கும். தொடர் படப்பிடிப்பில் வையுங்கள்.

ஒன்று கவனியுங்கள். சிவந்த சூரியனையே வெறித்துக்கொண்டிருந்தால் கண் களைத்து, இல்லாத பச்சையையும் காட்டும். எனவே கடைசிவரை கேமராவின் திரையை மட்டும் பாருங்கள். நீள லென்ஸ் பூட்டிய கேமராவின் ஒளியியல் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கே ஆபத்து. அடிவானத்தில் மேகமோ தூசியோ இருந்தால் அன்று முயலவே வேண்டாம்.