பழைய பிரிட்டிஷ் டோன் வர்ற மாதிரி கையால செஞ்ச ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்ல ஓடற எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போறேன், பட்ஜெட் 2,000 பவுண்ட், 30 வாட் எடுக்கலாமா?

எடுக்காதீங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லல, ஆனா பவுண்ட் கணக்கு, "வீட்லயும், மாசம் ஒரு தடவ பப்லயும் வாசிக்கணும்"னு எழுதியிருக்கிறத பாத்தா என்ன மாதிரியே லண்டன் பக்கம் ஒரு ஒட்டு வீட்ல இருக்கீங்கன்னு வெச்சுக்கறேன், நடுவுல ஒரே செவுரு, அந்தப் பக்கம் வேற குடும்பம். ஆறு வருஷம் முன்னாடி இதே கேள்வியோட அலைஞ்சவன் நான், அதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நான் வாங்கினது வாக்ஸ் கம்பெனியோட ஏசி30 ஆம்ப் வழியில வந்த, கையால வயர் பண்ண காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில. அவுட்புட்டுக்கு நாலு ஈஎல்84 ட்யூப், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு சேனல்ல முன்பக்கம் ஈஎஃப்86 ட்யூப். 1,900 பவுண்ட், ரெண்டு வருஷ சேமிப்பு. கடையோட டெமோ ரூம்ல வால்யூமை நல்லா திறந்து வெச்சு ஒரு ஈ கார்டு (chord) அடிச்சேன், கண்ணு கலங்கிருச்சு. சின்ன வயசுல திருச்சில அண்ணனோட டேப்ல கேட்ட அந்தக் கணீர் சத்தம், அதே சத்தம், என் கையிலிருந்து வருது. வேற எதுவும் யோசிக்கல, பேங்க் கார்டை நீட்டிட்டேன்.

வீட்டுக்கு கொண்டு வந்தா வால்யூம் கால்வாசி கூட தாண்ட முடியல. கால்வாசியில அந்த ஆம்ப் சுத்தமா, மெலிசா, உயிரே இல்லாம இருந்துச்சு. ஆம்ப்ல கோளாறு இல்ல, அதோட குணமே அதுதான். டிக் டென்னி டார்ட்ஃபோர்ட்ல டிசைன் பண்ண அந்த பழைய வாக்ஸ் சர்க்யூட்ல நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிய போற சத்தத்துல கொஞ்சத்த திருப்பி விட்டு அடக்கற ஏற்பாடு) கிடையாது, ட்யூப் தன்னையே சரி பண்ணிக்கற கேத்தோடு பயஸ், அதனால வால்யூம் ஏத்த ஏத்த சத்தம் திடீர்னு உடையாம கொஞ்சம் கொஞ்சமா கனியும். ஆனா கனியறதுக்கு அவுட்புட் ட்யூப் உழைக்கணும். இன்னொரு பிரிட்டிஷ் ஆம்ப் கம்பெனி மார்ஷல் கதையும் இதேதான். 1962ல லண்டன் ஹான்வெல் கடையில ஃபெண்டர் பாஸ்மேன்ங்கற அமெரிக்க ஆம்ப் சர்க்யூட்டை எடுத்து, முதல் ட்யூபுக்கு ஈசிசி83ங்கற ட்யூபைப் போட்டு, நாலு செலஸ்டியன் ஸ்பீக்கரை மூடின பெட்டிக்குள்ள வெச்சாங்க, அதுதான் ஜேடிஎம்45. ட்யூப், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் சேந்து மூச்சு வாங்கறப்ப வர்றதுக்குப் பேர்தான் பிரிட்டிஷ் டோன். படுக்கையறை வால்யூம்ல நீங்க காசு குடுத்ததுல பாதிதான் கேக்கும்.

"அப்ப 15 வாட் எடுத்தா சத்தம் பாதியாயிடும்ல"ன்னு நினைப்பீங்க. ஆகாது. வாட் பாதியானா குறையறது வெறும் 3 டெசிபல். காதுக்கு பாதி சத்தமா தெரியணும்னா வாட் கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா குறையணும். இத எந்த சேல்ஸ்மேனும் எனக்கு சொல்லல. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல பவரைக் குறைக்கற அட்டெனுவேட்டர் போட்டும் பாத்தேன், கொஞ்சமா குறைச்சா பரவால்ல, ரொம்ப குறைச்சா ஸ்பீக்கர் அசையவே மாட்டேங்குது, போர்வைக்குள்ள வாசிக்கற மாதிரி ஆயிடுது.

எட்டு மாசத்துல இன்னொரு பிரச்சனை. அடி ஈ ஸ்டிரிங் அடிச்சா பின்னாடியே ஒரு கிண்கிணி சத்தம். கடையில கேட்டா "ட்யூப் ஆம்ப்னா அப்படித்தான், அது கேரக்டர்"னு அனுப்பிட்டாங்க. மனசு கேக்கல. கென்ட்ல ஒரு பெரியவர் தனியா ஒரு ஷெட்ல ஆம்ப் செய்யறார்னு கேள்விப்பட்டு அங்க தூக்கிட்டுப் போனேன். அவர் மொதல்ல பேசவே இல்ல. ஆன் பண்ணி, ட்யூப் செவக்கற வரைக்கும் காத்திருந்து, நூடுல்ஸ் சாப்பிடற மரக்குச்சி ஒண்ண எடுத்து ஒவ்வொரு ட்யூபா மெதுவா தட்டினார். ஈசிசி83, டொக். அடுத்தது, டொக். ஈஎஃப்86 மேல பட்டதும் ஸ்பீக்கர்ல "டிங்"னு கோயில் மணி மாதிரி. ஸ்பீக்கரோட அதிர்வு அதே பெட்டியில இருக்கற ட்யூபை ஆட்டுது, அது திரும்ப சத்தமா வருது. ஆரம்பகால ஏசி30லயே இந்த தொல்லை இருந்து, அப்புறம் வாக்ஸே அந்த ட்யூபை தூக்கிட்டு ஈசிசி83க்கு மாறினாங்கன்னு அவர்தான் சொன்னார். ஈஎஃப்86 ஆசை இருந்தா ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) தனி, ஸ்பீக்கர் பெட்டி தனியா வாங்குங்க. நான் அந்த காம்போவை 1,150க்கு வித்தேன்.

இப்ப வெச்சிருக்கறது அந்தப் பெரியவர் செஞ்ச 18 வாட் ஹெட், ரெண்டே ஈஎல்84, அறுபதுகள்ல மார்ஷல் போட்ட சின்ன காம்போவோட சர்க்யூட். செலஸ்டியனோட 25 வாட் கிரீன்பேக் ஸ்பீக்கர் ஒண்ணு. அவங்களோட ப்ளூ ஸ்பீக்கர் கேக்க இனிமையா இருக்கும், ஆனா அது 15 வாட்தான் தாங்கும், இந்த ஆம்புக்கு ஒத்தையா போட்டா செத்துடும். வால்யூமை பாதிக்கு மேல வெச்சுட்டு கிட்டார்ல இருக்கற வால்யூமை 6க்கு இறக்கினா சுத்தமான சத்தம், 10க்கு ஏத்தினா கத்தும். பெடலே வேணாம். ஒண்ணே ஒண்ணு, ஸ்பீக்கர் ஒயர் மாட்டாம மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலா போலி பண்ற மாடலர் போதுமேன்னு சிலர் வருவாங்க. நல்ல பொருள்தான், ஹெட்ஃபோன்ல வாசிக்க நானும் வெச்சிருக்கேன். ஆனா இங்க நம்ம ஆளுங்க நடத்தற பொங்கல் விழாவுக்கு போன வருஷம் இந்த ஆம்பை தூக்கிட்டுப் போனா "அதெல்லாம் எதுக்கு, நேரா மிக்ஸர்ல சொருகுங்க"ன்னாங்க, சரின்னு சொருகினேன், அரை மணி நேரத்துல "மைனஸ் ட்ராக் (பாட்டுக்குரல் இல்லாத ரெக்கார்டிங்) இருக்கு, நீங்க கீழ உக்காருங்க"ன்னு சொல்லிட்டாங்க. பாடறவங்களுக்கு சால்வை உண்டு, வாசிக்க மூணு வாரம் ரிகர்சல் பண்ணவனுக்கு மேடையில இடம் இல்ல. கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா இன்னும் ஆறல.

வாங்கப் போறப்ப உங்க கிட்டாரையே எடுத்துட்டுப் போங்க. வீட்ல எவ்ளோ வெச்சு வாசிப்பீங்களோ அந்த வால்யூம்லயே பத்து நிமிஷம் கேளுங்க, அப்புறமா ஏத்துங்க. பக்கத்து வீட்டம்மாகிட்ட நான் முன்னாடியே பேசிட்டேன், சனிக்கிழமை மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் அவங்க மக வீட்டுக்குப் போயிடுவாங்க. அந்த ரெண்டு மணி நேரம் வால்யூம் குமிழ், கடிகாரத்துல மூணு மணி முள்ளு காட்டற பக்கம் நிக்கும்.