பிளாஸ்டிக் கூடு வைத்த ரைஃபிள் சுடும்போது உடையாதா?

கம்மவான்பேட்டையில் மாமா வீட்டுத் திண்ணையில் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும் எஸ்.எல்.ஆர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ராணுவக்காரர் அவர். பிளாஸ்டிக் என்றாலே நம்பிக்கை இல்லை.

விஷயம் இதுதான். ஏஆர்-15 வகை ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்குவது குழலும், அதன் பின்வாயில் பூட்டிக்கொள்ளும் போல்ட்டும். இரண்டும் எஃகு. லோயர் ரிசீவர் என்பது டிரிகர், மேகசின், கைப்பிடி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் கூடு; அந்த அழுத்தம் அதன்மேல் வராது. இந்த ரைஃபிளை வடிவமைத்த யூஜின் ஸ்டோனரால் 1950களிலேயே அதை அலுமினியத்தில் செய்ய முடிந்தது இதனால்தான். கண்ணாடி இழை கலந்த நைலானோ அலுமினியத்தின் எடையில் ஏறக்குறைய பாதி.

ஆனால் அலுமினிய வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்தால் சிக்கல்தான். பின்பக்கம், தோளில் அணைக்கும் ஸ்டாக்கைத் தாங்கும் குழாய் திருகி ஏறும் வளையம் இருக்கிறதே, அங்கேதான் விரிசல் விடும். கீழே விழும் அடி, தோளில் வாங்கும் உதை எல்லாம் அந்த மெல்லிய வளையத்தில் வந்து சேரும். கல்யாண மண்டப நாற்காலி, காலும் இருக்கையும் சேரும் இடத்தில் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை. அதனால் நல்ல வடிவமைப்பில் அந்த வளையமே கிடையாது. கூடு, கைப்பிடி, ஸ்டாக் மூன்றும் சேர்ந்தே வார்க்கப்படும். கேவ்-15 என்ற பிளாஸ்டிக் லோயர் ரிசீவர் அப்படி வந்ததுதான். அதற்கும் வெகு முன்பே, 1959இல், ரெமிங்டனின் நைலான் 66 என்ற .22 ரைஃபிளில் உடலையும் ஸ்டாக்கையும் நைலானிலேயே சேர்த்துச் செய்துவிட்டார்கள்.

அப்புறம் எடை. வெறும் கூட்டை மட்டும் மாற்றினால் சுமார் நூறு கிராம்தான் மிச்சம். ஸ்டாக்கோடு சேர்த்து வார்க்கும்போதுதான் கையில் வித்தியாசம் தெரியும்.