மளிகை விலை ஏறும்போது கடையில் தரும் பைக்கும் ஏன் காசு?

"சாமான் விலையே தாங்க முடியவில்லை, இதில் பைக்கும் காசு வாங்குவது கொள்ளைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் பை என்றைக்குமே இலவசமாக இருந்ததில்லை. அதன் செலவு பொருட்களின் விலைக்குள் ஒளிந்திருந்தது. வீட்டிலிருந்து பை கொண்டுவந்தவரும் சேர்த்தே கொடுத்தார்.

பில் போடும் இடத்தில் ஒரு நொடி யோசிக்க வைப்பதுதான் இந்தக் கட்டணத்தின் வேலை. அயர்லாந்து 2002-இல் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இவ்வளவு சின்னத் தொகைக்கா? ஆமாம். அதே தொகையை, சொந்தப் பை கொண்டுவருபவருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலானோர் அசைய மாட்டார்கள். கையிலிருந்து போகும் காசுதான் உறுத்தும்.

சரி, அந்தப் பணம் யாருக்கு? உங்கள் சந்தேகத்துக்கு இங்கேதான் இடமிருக்கிறது. அயர்லாந்தில் அது சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது. இங்கிலாந்தில் ஒரு பைக்குக் கட்டணம் 2015-இல் 5 பென்ஸ், 2021 முதல் குறைந்தபட்சம் 10 பென்ஸ். அது வரி அல்ல, கடையிடமே சேரும். நற்பணிக்குக் கொடுப்பார்கள் என்று அரசு எதிர்பார்க்கிறது, கட்டாயமில்லை. என்னைக் கேட்டால், எரிச்சல்பட வேண்டியது இதற்குத்தான்.

அப்புறம், கட்டணத்துக்குப் பயந்து துணிப்பைகளாக வாங்கிக் குவிக்காதீர்கள். பருத்தி விளைவிக்கவே ஏகப்பட்ட தண்ணீர் போகிறது. வீட்டில் மடித்து வைத்திருக்கும் பழைய பையே போதும், கிழியும்வரை.