வீட்டுக் கணக்குக்குப் பூட்டுப் போட்டால் யாரிடம் போவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கிறோம். நான் பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். வீட்டுக்காரர் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, இளநீர் வெட்டி லாரிக்கு ஏற்றிவிடுகிறார். 2020 ஊரடங்கின்போது வீட்டுக் கணக்கு எழுத ஒரு சாஃப்ட்வேரை இணையத்தில் 4,999 ரூபாய் கட்டி வாங்கினேன். ‘ஒருமுறை கட்டினால் போதும், வாழ்நாள் முழுக்க உங்களுடையது’ என்றுதான் விளம்பரம் இருந்தது. நெட்பேங்கிங் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் வங்கி வரவுசெலவை அதுவே எடுத்துக்கொள்ளும். நகைக்கடன், குறிச்சீட்டு, மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, தோப்புக்காரர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்று ஐந்து வருடக் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது.

போன ஆவணியில் ‘பழைய வெர்ஷன் இனி ஓடாது, மாதச் சந்தாவுக்கு மாறுங்கள்’ என்று வந்தது. நான் மாறவில்லை. அடுத்த வாரம் திறந்தால் பழைய கணக்கைப் பார்க்கக்கூட விடவில்லை. பார்த்தாக வேண்டுமே என்று ‘30 நாள் இலவசம்’ என்பதை அமுக்கினேன். அதற்கும் யூபிஐ பின் கேட்டது, போட்டேன். அப்புறம் மாதம் 399 ரூபாய் வீதம் நான்கு மாதம் பிடித்துவிட்டார்கள். புது வெர்ஷனில் வரவுகள் இரண்டிரண்டாக ஏறி, இருப்புத் தொகை அதிகமாகக் காட்டியது. அதை நம்பி நகைக்கடன் வட்டியைத் தவறவிட்டு 1,140 ரூபாய் அபராதம் கட்டினேன். சாட்டில் எழுதினால் இயந்திரம்தான் பதில் சொல்கிறது. கம்பெனி பெங்களூரில். வழக்கு என்றால் ‘பெங்களூரு நீதிமன்றம் மட்டும்’ என்று விதிமுறையில் போட்டிருக்கிறார்கள். வீடு கேரளத்தில், வேலையும் வங்கியும் தமிழ்நாட்டில், கம்பெனி கர்நாடகத்தில். நான் எங்கே போவது?

பதில்: சகோதரி, வழக்கு பிறகு. இதைப் படிக்கும்போதே எழுந்து போய் நெட்பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வாருங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது 399 ரூபாய் அல்ல, அந்தப் பாஸ்வேர்டுதான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் கணக்கிலிருந்து பணம் திருடுபோனால், வங்கி உங்களுக்குத் தகவல் தந்த 3 வேலை நாளுக்குள் நீங்கள் புகார் செய்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்கிறது அது. ஆனால் பாஸ்வேர்டை நாமே இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் தலையில்தான் விழும். கம்பெனி நல்லதோ கெட்டதோ, கொடுத்தது கொடுத்ததுதான். வங்கிக் கணக்கு விவரத்தை ஒரு செயலிக்குக் காட்டியே ஆக வேண்டுமென்றால், ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற ‘அக்கவுன்ட் அக்ரிகேட்டர்’ (நம் சம்மதத்தின் பேரில் கணக்கு விவரத்தைக் கைமாற்றித் தரும் நிறுவனம்) வழியாகக் காட்டலாம். அதில் பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள்; கொடுத்த சம்மதத்தை நினைத்தபோது ரத்தும் செய்யலாம்.

கணக்கை மீட்பது அடுத்த வேலை. சந்தாவை நிறுத்தும் முன்பே இதைச் செய்யுங்கள். கோபத்தில் முதலில் சந்தாவை நிறுத்திவிட்டு, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அழுதவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். உள்ளே போக முடிகிறபோதே ‘எக்ஸ்போர்ட்’ என்ற இடத்தில் சிஎஸ்வி அல்லது க்யூஐஎஃப் வடிவில் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்டுவாரியாகப் பிடிஎஃப்பும் எடுத்து பென்டிரைவில் போட்டு வையுங்கள். ‘க்னூகேஷ்’ என்ற இலவச மென்பொருள் இந்த இரண்டு வடிவத்தையும் படிக்கும். ஏற்கெனவே பூட்டிவிட்டார்கள் என்றால், ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும், ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க நாம் தரும் அனுமதி) இல்லாமல் 399 ரூபாய் கட்டி உள்ளே போங்கள். கட்டும் அன்றே, ‘என் சொந்தக் கணக்கைத் திரும்பப் பெற வேறு வழி விடாததால், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்’ என்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிற்பாடு அந்த 399-ஐயும் சேர்த்துக் கேட்கலாம்.

கணக்கு கைக்கு வந்தபின் ஆட்டோபேயை நிறுத்துங்கள். கம்பெனியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. உங்கள் யூபிஐ செயலியிலேயே ‘ஆட்டோபே’ அல்லது ‘மேன்டேட்’ என்ற இடத்தில் ரத்து செய்யலாம். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும் உரிமை ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை பணம் பிடிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நான்கு மாதமும் அப்படிக் குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். ஆனால் தகவல் முறையாக வந்திருந்தால் வங்கியை விட்டுவிடுங்கள். யூபிஐ பின் போட்டது நீங்கள். உங்கள் சண்டை கம்பெனியோடுதான்.

இனி அந்தச் சண்டை. சாஃப்ட்வேர் பொருளா சேவையா என்று எதிர்த்தரப்பு குழப்பப் பார்க்கும். கடையில் விற்கும் ஆயத்த மென்பொருள் ‘சரக்கு’தான் என்று 2004-இல் டாடா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் நடந்த விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதச் சந்தா வாங்கினால் அது சேவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு இரண்டையும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடும் ஒரே மனுவில் எழுதுங்கள்; அதற்குத் தடை இல்லை.

‘வாழ்நாள்’ என்று விளம்பரம் செய்தார்கள் அல்லவா? அது யாருடைய வாழ்நாள் என்று கேட்டால், ‘அந்த வெர்ஷனின் வாழ்நாள்’ என்பார்கள். நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வங்கி விவரம் தானாக இறங்கும் வசதியை நிறுத்தினார்கள், புதுப்புது வசதி தரவில்லை என்ற இரண்டிலும் அவர்கள் பக்கம் வாதம் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் ஒரு பொருளைக் காலகாலத்துக்கும் பராமரிக்கக் கட்டுப்பட்டதல்ல. ஆனால் நீங்கள் உட்கார்ந்து எழுதிய கணக்கைப் பார்க்கவே விடாமல் பூட்டியதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘மணி’ என்ற தன் வீட்டுக் கணக்கு மென்பொருளை 2009-இல் விற்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டே, பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க ஒரு கடைசிப் பதிப்பை இலவசமாக வெளியிட்டது. இணைய வசதிகள் அதில் இல்லை. ஆனால் எழுதியவர் கணக்கு எழுதியவர் கையில் இருந்தது. தொழிலை நிறுத்துவதற்கும் வாடிக்கையாளரின் கணக்கைப் பிணையாகப் பிடிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தின் மேல்தான் உங்கள் வழக்கு நிற்க வேண்டும். மனுவில் இதையே முதலில் வையுங்கள்.

‘30 நாள் இலவசம்’ விஷயத்தில் உங்கள் கை இன்னும் பலமானது. இணையத்தில் மக்களை ஏமாற்றிப் பொத்தானை அமுக்கவைக்கும் உத்திகளைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 13 வகை உத்திகளை அது பட்டியலிடுகிறது. அதில் ஒன்று சந்தாப் பொறி. இலவசமாகப் பார்க்க வந்தவரிடம் ஆட்டோபே அனுமதியைக் கட்டாயமாக வாங்குவதும், ரத்து செய்யும் இடத்தை ஒளித்து வைப்பதும் அதற்குள் வருகின்றன. இலவசக் காலம் முடிந்து கட்டணம் தொடங்குவதைச் சொல்லாமல் பணம் பிடிப்பதும் இன்னொரு வகையாக அங்கே இருக்கிறது. உங்களுக்கு நடந்தது அப்படியே அதுதான்.

அபராத வட்டி 1,140 ரூபாயைக் கேளுங்கள். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ‘பாஸ்புக் உங்கள் கையில் இருந்ததே, ஏன் பார்க்கவில்லை?’ என்று கேட்பார்கள், வழக்கை விசாரிக்கும் மாவட்ட ஆணையமும் கேட்கும். வரவு இரண்டு முறை ஏறியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும், அதே நாளின் வங்கி ஸ்டேட்மென்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் வலு வரும். 4,999 ரூபாயில் ஐந்து வருடம் பயன்படுத்தியதைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். பிடித்த 1,596 ரூபாய், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, கணக்கு முழுவதையும் திறக்கக்கூடிய வடிவில் தர ஓர் உத்தரவு: இவற்றை அழுத்திக் கேளுங்கள்.

வீட்டுக்காரரின் இளநீர் வியாபாரமும் அதே கணக்கில் இருப்பதால், ‘இவர் நுகர்வோரே அல்ல, வியாபாரி’ என்று ஓர் ஆட்சேபம் வரலாம். பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தியதைச் சட்டம் ‘வணிக நோக்கம்’ என்று பார்ப்பதில்லை. அதைவிட, வாங்கியது வீட்டுக் கணக்குக்கு, வாங்கியவர் நீங்கள். இதை மனுவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். எல்லையில் இருப்பது தொல்லை என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அது உங்களுக்குச் சாதகம். பழைய சட்டத்தில் கம்பெனி இருக்கும் ஊரையோ, பிரச்சினை எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ, அவர் வேலை செய்து சம்பாதிக்கும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்கிறது. குடியிருப்பால் பாலக்காடு மாவட்ட ஆணையமும், பொள்ளாச்சி வேலையால் கோயம்புத்தூர் மாவட்ட ஆணையமும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றுதான், இரண்டிலும் போடக் கூடாது. நீங்கள் இருக்கும் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் பாலக்காட்டு ஆணையத்தில் நின்று தமிழில் வாய்விட்டுப் பேசுவது வேறு விஷயம். என்னைக் கேட்டால் கோவை. பள்ளியிலிருந்து பணிச்சான்றிதழ் ஒன்று வாங்கி மனுவோடு இணைத்துவிடுங்கள். இட ஆட்சேபத்துக்கு அது பதில் சொல்லும். பாலக்காடு என்றால் ஆதார், ரேஷன் கார்டே போதும்.

‘பெங்களூரு மட்டும்’ என்ற வரியைக் காட்டி முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் செய்வார்கள். நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்கள் தரும் வழிகளோடு கூடுதலாக நிற்பது என்று அதன் 100-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் உங்களுக்குக் கொடுத்த இடத்தை, யாரும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அமுக்கும் ஒரு பக்கம் பறிக்க முடியாது என்பதே என் வாதமாக இருக்கும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு நடுவரே தீர்த்து வைப்பது) என்று போட்டிருந்தாலும் நுகர்வோர் புகாரைத் தடுக்காது என்று 2018 டிசம்பரில் எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ‘இந்த ஒப்பந்தமே நியாயமற்றது, அதை ரத்து செய்யுங்கள்’ என்று கோரிக்கை வைக்காதீர்கள். அது மாநில ஆணையத்தின் அதிகாரம். மாவட்டத்தில் கேட்டால் அதைப் பிடித்துக்கொண்டே மாதக்கணக்கில் இழுப்பார்கள். நியாயமற்ற வணிக நடைமுறை, குறைபாடு என்ற இரண்டோடு நிறுத்துங்கள்.

வழக்குக்கு முன் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இணையத்தில் விற்பவர் அப்படி ஒருவரை நியமித்து, அவர் பெயரைத் தளத்தில் போட வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. இயந்திரத்தின் சாட் பதில் அதற்கு ஈடாகாது. மின்னஞ்சலிலும், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். கம்பெனியின் எண்ணைக் கூகுளில் தேடிக் கூப்பிட வேண்டாம். போலி எண்களை வைத்துக்கொண்டு, திரையைப் பகிரச் சொல்லி, கணக்கைக் காலி செய்கிறார்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

சான்றுகளில் முதலில் தேட வேண்டியது 2020-இல் வந்த ரசீது மின்னஞ்சல். ‘வாழ்நாள்’ என்ற சொல் அதில் எங்கேயாவது இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. பூட்டிய திரை, இலவச அறிவிப்பு, சாட் பதில்கள் எல்லாவற்றையும் தேதி தெரியப் படமெடுத்து, அந்த ஃபோனை அழிக்காமல் வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை இம்மி பிசகாமல் பார்ப்பதில்லை, ஆனாலும் இணைப்பது நல்லது.

5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணம் கிடையாது. கணக்கைப் பூட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வீட்டிலிருந்தே மின்னணு முறையில் தாக்கல் செய்யலாம். காணொலியில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோவையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையக் குழுவிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நோட்டீஸ் கிடைத்த கம்பெனி 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் மனு போட வேண்டும். அந்த 45-ஐத் தாண்டினால் ஏற்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறியிருக்கிறது. அந்த நாளைக் குறித்து வைத்திருந்து, தாண்டியதும் நீங்களே எழுந்து சொல்லுங்கள்.

குறைதீர்ப்பு அதிகாரிக்கான கடிதத்தை நீளமாக எழுத வேண்டாம். 2020-இல் என்ன சொல்லி விற்றீர்கள், ஆவணியில் என்ன செய்தீர்கள், எவ்வளவு பிடித்தீர்கள் என்று மூன்று பத்தி. கடைசியில் இப்படி முடியுங்கள்: ‘2020 முதல் நான் பதிந்த கணக்கு முழுவதையும் 15 நாளில், கட்டணம் எதுவும் இல்லாமல், மற்ற மென்பொருளில் திறக்கும் வடிவில் அனுப்புங்கள். 1,596 ரூபாயைத் திருப்பிச் செலுத்துங்கள். தவறினால் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம்.’ தேதியும் கையெழுத்தும் போட்டு, ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.