விலை உயர்ந்த சவரக் கிரீம் வாங்கலாமா? கேள்வி பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சோப்பு ஆலையின் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்று சத்துவாச்சாரியில் இருக்கிறேன். சவரக் கிரீம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தோல் நோய்க்கு என்னிடம் மருந்து கேட்காதீர்கள்.

வேலூர், வங்கி ஊழியர்: லண்டன் கிரீம் 150 கிராம் டப்பா 1,800 ரூபாய் என்கிறார்கள். நம் கடைகளில் 70 கிராம் டியூப் 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த விலைக்கு அது தகுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சவரத்துக்கு ஒன்றரை கிராம் என்று வையுங்கள். டப்பா நூறு நாள் வரும், நாளுக்கு 18 ரூபாய். டியூபில் ஒன்றே முக்கால் ரூபாய்தான் ஆகும். பத்து மடங்கு வித்தியாசம்.

இப்போது இரண்டின் பின்புறத்திலும் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். தண்ணீர், ஸ்டியரிக் அமிலம், தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலங்கள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின். இரண்டிலும் பெரும்பாலும் இவைதான் முன்வரிசையில் இருக்கும். பொட்டாசியம் சேர்ந்த சோப்பு மிருதுவாக இருக்கும், சோடியம் சேர்ந்தது கெட்டியாகும். அந்த விகிதத்தை வைத்துத்தான் கிரீமா கட்டியா என்பதே முடிவாகிறது. இதில் லண்டனுக்கென்று தனி ரகசியம் இல்லை. நல்ல கிரீமில் நுரை சற்று அடர்த்தியாக இருக்கும், கத்தி போன இடத்திலும் வழுக்கல் மிஞ்சும், வாசனை உயர்ந்ததாக இருக்கும். இந்த மூன்றும் உண்மை. ஆனால் பத்து மடங்கு நல்ல சவரம் கிடைக்காது. டியூபே போதும். கத்தியை அழுத்தாதீர்கள்.

குடியாத்தம், நெசவுத் தொழில்: நான் வாங்கியே விட்டேன் ஐயா. நுரை எழும்புகிறது, கன்னத்தில் தடவி முடிப்பதற்குள் காய்ந்து பொரிந்துவிடுகிறது. போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா?

சரக்கு நல்லதாகவே இருக்கலாம். முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர்தானே? பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றில் இதே கதைதான். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்ததும் கரையாத பிசுக்காக மாறிவிடுகின்றன. வாளியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்குமே, அதேதான். நீங்கள் பிரஷ்ஷில் எடுத்த கிரீமின் ஒரு பங்கு நுரையாகாமல் அந்தப் பிசுக்காகவே போகிறது. 1,800 ரூபாய்க் கிரீமானாலும் சோப்பு சோப்புதான்.

இன்று இரவு இதைச் செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒன்றில் பாதியளவு போர் தண்ணீரும் மற்றதில் பாதியளவு குடிநீர் கேன் தண்ணீரும் ஊற்றுங்கள். இரண்டிலும் பட்டாணி அளவு கிரீம் போட்டுப் பத்து முறை குலுக்கி மேசையில் வையுங்கள். நுரையின் உயரத்தை மட்டும் பார்க்காமல், அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, பால்போலக் கலங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பிரஷ்ஷை நனைக்க மட்டும் அரை தம்ளர் கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கிரீமை மாற்ற வேண்டாம்.

பாகாயம், பொறியாளர்: மன்னிக்கவும், இது மிகைப்படுத்தல். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே கடினத்தன்மை போய்விடும். பள்ளிக்கூடப் பாடம் இது. சவரத்துக்குக் கேன் தண்ணீர் வாங்கச் சொல்வது வீண் செலவு.

பாடத்தின் பாதியைச் சொல்கிறீர்கள். கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை மட்டுமே போகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். சல்பேட், குளோரைடாக இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு கொதித்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

வாணியம்பாடி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு என்கிறார்கள். அதுவும் இதே விஷயமா?

கரிப்பு வேறு, கடினம் வேறு. தோலைப் பதப்படுத்துவதற்கு முன் கெடாமல் வைக்கப் போடும் சாதாரண உப்பு சோடியம் சேர்ந்தது. அது பிசுக்கை உண்டாக்காது. ஆனால் உப்பு மிகுந்தால் சோப்பு கரையாமல் பிரிந்துவிடும், அதனாலும் நுரை குறையும். சோப்பு காய்ச்சும்போது உப்புப் போட்டுச் சோப்பைப் பிரித்தெடுப்பது இந்த முறையில்தான். உங்கள் ஊரில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கிரீமுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பாகாயம், பொறியாளர்: நான் பத்து வருடமாகக் காய்ச்சிய தண்ணீரில்தான் சவரம் செய்கிறேன். நுரை மலைபோல நிற்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஐயா சொன்ன சோதனையை, கூடுதலாக ஒரு பாட்டில் சேர்த்து மூன்றில் செய்து பார்த்தேன். கேன் தண்ணீரில் நுரை நான்கு விரல் உயரம், கீழே தெளிவு. விடுதியின் போர் தண்ணீரில் ஒரு விரல்கூட இல்லை, கீழே திரிந்த பால்போலத் துணுக்குகள் மிதக்கின்றன. அதையே காய்ச்சி ஆறவைத்ததில் இரண்டு விரல்.

தம்பி, நீ செய்ததுதான் சோதனை. மூன்றாவது பாட்டிலை நானே கேட்டிருக்க வேண்டும். காய்ச்சினால் பலன் உண்டு, ஆனால் முழுப் பலன் இல்லை என்பதை உன் இரண்டு விரல் காட்டிவிட்டது.

பொறியாளர் ஐயாவிடம் ஒரே கேள்வி. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

பாகாயம், பொறியாளர்: காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். போர் போடவில்லை.

அதுதான் விஷயம். ஆற்றுத் தண்ணீரில் பொதுவாகக் கடினத்தன்மை குறைவு. உங்கள் மலையைக் கட்டியது காவிரி ஐயா, அடுப்பு அல்ல. இருந்தாலும் வெந்நீரை விடாதீர்கள். முடி இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறினால்தான் மிருதுவாகும், கத்திக்கும் வேலை குறையும்.

ஆரணி: அழுத்தினால் நுரையாகவே வரும் கேன் நல்லதா?

அவசரத்துக்குச் சரி. பிரஷ் முடியைத் தூக்கி நிறுத்தி அடியில் ஈரம் ஏற்றும். கேன் அதைச் செய்யாது.

ஆற்காடு: எந்த பிராண்டு சிறந்தது?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

வாலாஜா: கழுத்தில் சிவந்த கொப்புளங்கள் வருகின்றன. ப்ரொராசோ என்ற சவரக் கிரீம் போட்டால் சரியாகுமா?

ஆகாது. அதன் பச்சை நிறக் கிரீமில் மென்தாலும் யூகலிப்டஸும் இருக்கின்றன. ஏற்கெனவே புண்ணான தோலில் எரியும். கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள், அந்தப் பக்கமாகவே ஒரே ஒரு தடவை இழுங்கள், எதிர்த்து இழுக்காதீர்கள். பிளேடு பழசானால் தூக்கிப் போடுங்கள். கத்தியை அழுத்தாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். சீழ் இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அரக்கோணம்: சிறந்த பிராண்டு எது, ஒரே பெயர் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். பாட்டிலைக் குலுக்குங்கள்.

ஆம்பூர்: அப்பாவுக்கு வரும் மாதம் அறுபதாம் கல்யாணம். வாழ்நாள் முழுக்க மலிவான டியூப்தான் போட்டார். சந்தன வாசனையுள்ள ஒரு நல்ல லண்டன் கிரீம் வாங்கித் தரலாமா? அதுவும் வீண் செலவு என்பீர்களா?

இல்லை அம்மா, தாராளமாக வாங்குங்கள். வாசனைக்குக் கொடுக்கும் பணம் வாசனைக்குத்தான் என்று தெரிந்து கொடுத்தால் அதில் ஏமாற்றம் இல்லை. டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் என்ற லண்டன் நிறுவனத்தின் சந்தனக் கிரீம் பலருக்கும் பிடித்தது. ஒன்றை மட்டும் அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஜவ்வாது மலைச் சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்தால் எழும் வாசனை அதில் வராது. அது இனிப்பும் மசாலாவும் கலந்த அத்தர் போல இருக்கும்.

கூடவே நல்ல பிரஷ் ஒன்றும் வாங்குங்கள். செயற்கை இழையே போதும், சீக்கிரம் காயும். முதல் நாள் காலையில் ஒரு தம்ளர் கேன் தண்ணீரைச் சூடுபண்ணி அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.