கள்ள அறைக்கு உளி எதற்கு?

தேவகோட்டை வாசகர் ஒருவரிடம் பாட்டனார் காலத்துக் கணக்கு மேசை இருக்கிறது. சாய்வு மூடி, உள்ளே சிறு இழுப்பறைகள், எங்கோ ஒரு கள்ள அறை. விலை பேச வந்த தரகர், மேசை உளுத்துவிட்டது, பின்பலகையைப் பெயர்த்தால்தான் கள்ள அறை திறக்கும், பிறகு தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாம் என்கிறாராம். சிங்கப்பூரிலுள்ள மகனுக்கு மேசையை அனுப்ப முடியுமா என்பதும் அவருடைய கேள்வி.

முதலில், அந்தப் பலகையில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். இத்தகைய மேசைகளில் கள்ள அறை பெரும்பாலும் இழுப்பறைகளுக்குப் பின்னால்தான் இருக்கும். எல்லா இழுப்பறைகளையும் உருவி அளந்து பாருங்கள். மற்றவை பத்து அங்குல நீளம் இருக்க, ஒன்று மட்டும் ஆறு அங்குலம் என்றால், குறைகிற நான்கு அங்குலத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பொந்துக்குள் கையை விட்டு மேற்புறத்தையும் பக்கங்களையும் தடவினால், மெல்லிய மரச்சிம்பு ஒன்று விரலுக்கு அமுங்கக்கூடும். அதை அமுக்கியபடியே உட்பெட்டியை முன்னால் இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் பருத்து இறுகியிருக்கும் என்பதால், வராவிட்டால் பங்குனி வரை பொறுத்திருங்கள்.

பாலிஷ் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். மேசையின் அடிப்புறத்தில், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுப்போடு பழுப்பு நிறம் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். தெரிந்த கைகள் அதன் மேலேயே புதுப் பூச்சு ஏற்றிவிடும். இயந்திரத்தால் தேய்த்தால் மரத்தில் ஏறிய நிறமும் கைபட்டு மழுங்கிய விளிம்பும் போய்விடும். ‘பளபளப்பாக்கித் தருகிறேன்’ என்று எடுத்துச் சென்று, பித்தளைப் பூட்டையும் கைப்பிடிகளையும் கழற்றித் தனியே விற்பவர்களும் உண்டு.

தரகர் சொல்வது உண்மையாக இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: பூச்சி. ஆனால் ஓட்டை இருப்பதாலேயே பூச்சி இருப்பதாக ஆகிவிடாது. மேசையைத் துடைத்து, அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். வெளிறிய புதுத்தூள் கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கக்கூடும். அப்போதும், வைரம் பாய்ந்த தேக்கை அது எளிதில் தொடாது. வைரம் பாயாத வெளிமரத்திலும், இழுப்பறை அடிப்பலகைக்குப் போட்ட மலிவு மரத்திலும்தான் குடியிருக்கும். அந்தப் பலகையை மட்டும் மாற்றி மருந்திட்டால் போதும். முழு மேசையையும் ‘உளுத்தது’ என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு அனுப்புவது மேசையின் வயதைப் பொறுத்தது. நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடந்தராது. அவ்வளவு வயதில்லை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்றிதழ் பெற்று அனுப்பலாம். தச்சரிடம் ரசீது வாங்கிப் பழக்கமே இல்லாத குடும்பத்தை, சிலைக்கும் மேசைக்கும் ஒரே கயிறு கட்டி, வயதை மெய்ப்பிக்கச் சொல்லி அலையவிடுவது என்ன நியாயமோ! அந்த அலைச்சலை நம்பித்தான் ‘அங்கே நமக்கு ஆள் இருக்கிறது’ என்போர் பிழைக்கிறார்கள். அவர்களிடம் முன்பணம் கொடுக்காமல், மேசையின் படங்களோடு நீங்களே நேரில் விண்ணப்பியுங்கள்.